எம்டன்: ஒரு கப்பலும் ஒரு சொல்லும்

கடலை ஒருமுறையேனும் கண்டிராத மூதாட்டியர், கடற்போர்க் கப்பல் ஒன்றன் பெயரைத் தம் அன்றாடப் பேச்சில் வழங்கி வந்தனர் என்றால் புதிய தலைமுறையினர் எளிதில் நம்பமாட்டார்கள். பிழைப்பு நாடித் தமிழகத்தினின்று வந்து அத்திபெலேயில் குடியேறிய நம் இல்லங்களில், கெட்டிக்காரத்தனமும் குறும்பும் ஒருங்கே வாய்ந்த பிள்ளையை ‘இவன் பெரிய எம்டன்’ என்று பாட்டியர் சுட்டக் கேட்டிருக்கிறோம். கண்டிப்பு மிக்க தந்தையையும் அச்சொல்லே குறித்தது. பிறர் அறியாமல் காரியத்தை முடித்துக்கொண்டு வருபவனையும் அதுவே குறித்தது. இச்சொல்லைத் தூய தமிழ் என எண்ணியவர்களும் நம்மிடையே உண்டு. அதில் வியப்பில்லை. கள்ளன், வீரன், மல்லன் என்பவற்றைப் போல ஆண்பால் விகுதி பெற்றது போன்ற தோற்றத்துடன் அது வந்து சேர்ந்தது. வேற்றுமொழிச் சொல் தமிழில் நிலைபெற அது போதும் போலும்! ஊர்ப்பெயரும் நாவுக்கு நாவு உருமாறுவதுதானே? கன்னடத்தார் அத்திபெலே என்பதை நம்மவர் அத்திப்பள்ளி ஆக்கிக்கொண்டதையும் ஈண்டு நினைக்கலாம்.

எம்டன் என்பது ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள ஒரு துறைமுக நகரம். அந்நாட்டுக் கடற்படையினர் தம் சிறு குரூசர் கப்பல்களுக்கு நகரங்களின் பெயரைச் சூட்டுவது மரபு. அம்மரபின்படி பெயர் பெற்ற கப்பலொன்று 1914ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இரவு சென்னை மாநகரின்மீது குண்டு வீசியது. அன்று முதல் அந்நகரத்தின் பெயர் நம் மொழிக்கு உரியதாயிற்று. இவ்வளவு பலரும் அறிவர். அக்கப்பல் எத்தகையது, அதன் இனம் எவ்வாறு முடிந்தது என்பவற்றை ஆராய்வோர் சிலரே. அஞ்சத்தக்க புதுமைக் கருவியாக நம் முன்னோர் கண்ட அக்கப்பல், சென்னைக்கு வந்த நாளிலேயே காலம் கடந்துபோன ஓர் இனத்தைச் சேர்ந்ததாக இருந்தது. இதுவே இக்கட்டுரையில் நாம் கூற விரும்புவது.

கப்பலின் இனம்

ஜெர்மானியக் கடற்படை 1906இல் டிரெஸ்டன் வகை எனப்படும் இரண்டு குரூசர்களைக் கட்டத் தொடங்கியது. மூத்தது டிரெஸ்டன், ஹாம்பர்க் நகரில் உருவாயிற்று. இளையது எம்டன், இன்று போலந்து நாட்டில் உள்ள டான்சிக் துறையில் கட்டப்பெற்று, 1908 மே 26இல் நீரில் இறக்கப்பட்டு, 1909 சூலையில் பணியில் சேர்ந்தது. ஏறத்தாழ 118 மீட்டர் நீளமும், முழுச் சுமையுடன் 4,200 டன்னுக்குச் சற்று மேற்பட்ட எடையும் உடையது. 10.5 சென்டிமீட்டர் வாயகலமுள்ள பீரங்கிகள் பத்து. டார்பிடோக் குழாய்கள் இரண்டு. மாலுமிகளும் அலுவலர்களுமாக ஏறத்தாழ 360 பேர்.

இலகுரகக் குரூசருக்கு இட்ட பணி இருவகையானது. பெருங்கப்பற்படைக்கு முன்னே ஓடி ஒற்றறிந்து சொல்வது ஒன்று. தொலைவிலுள்ள குடியேற்ற நாடுகளில் கொடியைக் காட்டி நிற்பது மற்றொன்று. முன்னதற்கு விரைவு வேண்டும். பின்னதற்கு நெடுந்தொலைவு செல்லும் ஆற்றலும் நிலக்கரி இருப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே கப்பலில் அடக்க முயன்ற ஜெர்மானியர், பீரங்கியைச் சிறிதாக்கினர். சிறு பீரங்கி விரைந்து சுடும் என்பது அவர்கள் கூறிய காரணம். பகைவனும் சிறு பீரங்கியே வைத்திருக்கும் வரையில் அக்காரணம் செல்லும்.

எஞ்சினிலும் ஒரு வேறுபாடு உண்டு. டிரெஸ்டனுக்கு டர்பைன் என்னும் சுழலியைப் பொருத்தினர். எம்டனுக்கோ பழைய முறையில் உருளைகளுக்குள் மேலும் கீழும் இயங்கும் நீராவி எஞ்சினே வாய்த்தது. ஆங்கிலேயர் டிரெட்னாட் என்னும் பெரும் போர்க்கப்பலையே சுழலியால் ஓட்டிக் காட்டியது 1906இல்தான் என்பது நோக்கத்தக்கது. பழைய எஞ்சின் பெற்ற கடைசி ஜெர்மானியக் குரூசர் எம்டன். ஒரே கருவில் தோன்றிய இரண்டனுள் ஒன்று பிறக்கும்போதே முதுமையுடன் பிறந்தது எனலாம்.

1910 முதல் எம்டன் சீனக் கடற்கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்தாவ் துறையைச் சார்ந்திருந்தது. அதன் வடிவழகைக் கண்டோர் கீழ்த்திசை அன்னம் என்றனர். 1913இல் கார்ல் ஃபான் முல்லர் தலைவராக வந்தார். போர் மூண்டதும், 1914 ஆகஸ்டில் பசிபிக் பெருங்கடலின் பாகன் தீவருகே, தன் படைத் தொகுதியினின்று பிரிந்து தனியே இந்துமாக்கடலுக்குச் செல்ல இசைவு பெற்றார். அவருடன் வந்தது மார்க்கோமானியா என்னும் நிலக்கரிக் கப்பல் ஒன்றே.

வங்கக் கடலில்

செப்டம்பர் 10ஆம் நாள் வங்கக் கடலில் எம்டன் வேட்டையைத் தொடங்கியது. இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளொமாட், டிராபக் என ஆங்கிலேய வணிகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. முல்லர் கையாண்ட முறை தனித்தன்மை வாய்ந்தது. கப்பலில் உள்ளோரை முதலில் இறக்கிக் காப்பில் வைப்பார். பின்னரே கப்பலை மூழ்கடிப்பார். கபிங்கா என்னும் கப்பலின் தலைவர் தம் மனைவியையும் குழந்தையையும் உடன் அழைத்து வந்திருந்தார். அதனால் அக்கப்பலை மூழ்கடிக்காமல், பிடிபட்ட மாலுமியரை அதில் ஏற்றிக் கல்கத்தாவை நோக்கி அனுப்பிவைத்தார். பகைவரே அவரைப் பண்பாளர் என்று எழுதலாயினர். கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் இடையே கப்பல்கள் துறையைவிட்டுப் புறப்பட அஞ்சின. காப்பீட்டுக் கட்டணம் ஏறிற்று.

இதற்கெல்லாம் அடிப்படை நிலக்கரி. எம்டன் அடிக்கடி நின்று கரி ஏற்றியாக வேண்டும். எந்தத் துறைமுகமும் அதற்குத் திறந்திருக்கவில்லை. பிடித்த கப்பல்களின் கரியையே எரித்தது. பான்டொபோரோஸ் என்னும் கிரேக்கக் கப்பலில் கிடைத்த நம் நாட்டுக் கரி கரும்புகை கக்கி, இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுப்பது. செப்டம்பர் இறுதியில் மினிக்காய்த் தீவை அடுத்த கடற்பகுதியில் பியூரெஸ்க் என்னும் கப்பல் பிடிபட்டபோதுதான், ஆங்கிலேயக் கடற்படைக்கென்றே வந்துகொண்டிருந்த உயர்ந்த வேல்ஸ் நாட்டுக் கரி ஆயிரக்கணக்கான டன் அளவில் கிடைத்தது. வேல்ஸ் சுரங்கத்தில் வெட்டிய கரி, வேல்ஸ் மக்களின் அரசுக்கு எதிராக எரிந்தது.

அதற்குச் சில நாள் முன்னர் நிகழ்ந்ததே சென்னைத் தாக்குதல். நகரில் விளக்குகள் அணைக்கப்படவில்லை. உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் அந்நாளில் கலங்கரை விளக்கம் இருந்தது, அதுவும் எரிந்துகொண்டிருந்தது. இரவு ஒன்பதரை மணியளவில் ஏறத்தாழ 3,000 கெச தூரத்தில் நின்ற எம்டன், தேடொளி விளக்கை ஒருமுறை பாய்ச்சிப் பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் கண்டுகொண்டு சுடத் தொடங்கியது. அரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வணிகக் கப்பலின்மீதும் குண்டுகள் பாய்ந்தன. அங்கும் பிறவிடங்களிலுமாகச் சிலர் உயிரிழந்தனர். சில குண்டுகள் நகரின் உட்பகுதியிலும் வீழ்ந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் மறுமொழியாகச் சுட்ட குண்டுகளில் ஒன்றும் கப்பலைத் தொடவில்லை. எம்டன் இருளில் மறைந்தது.

பொருளழிவு பெரிதன்று என்பதே உண்மை. அழிந்தது வேறொன்று. தென்னிந்தியத் துறைமுகம் ஒன்றை, ஆங்கிலேயரின் கடற்படை காத்துநிற்கும் கடலிலேயே, ஒற்றைக் கப்பல் வந்து சுட்டுவிட்டுத் திரும்பியது என்னும் செய்தி, அவர்தம் வெல்லற்கரிய புகழில் ஓட்டையிட்டது. இந்திய மக்களிடையே பரபரப்பை உண்டாக்கி ஆங்கிலேயரின் மதிப்பைக் குலைப்பதே நோக்கம் என்று முல்லரும் தம் அறிக்கையில் குறித்தார். மறுநாளிலிருந்து சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டை நோக்கி வெளியேறினர். புகைவண்டிகள் நிரம்பி வழிந்தன.

அச்சத்தில் ஒரு மகிழ்ச்சி

பயந்து ஓடிய மக்கள், தம்மை ஓடச் செய்த கப்பலின் பெயரை ஏன் புகழ்ச்சிச் சொல்லாக்கிக் கொண்டனர்? நாம் கருதுவது இது. அதற்கு எட்டாண்டுகட்கு முன், 1906இல், வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். ஆங்கிலக் கம்பெனியின் கடல்வணிகத் தனியுரிமையை வாணிக வழியில் உடைக்க முயன்ற அப்பெருமகனார் 1908இல் சிறையில் அடைக்கப்பட்டார்; கம்பெனியும் சில ஆண்டுகளில் கலைந்தது. 1912 இறுதியில் விடுதலையாகி வந்தவரை வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. தமிழன் கப்பல் ஓட்டியதற்குத் தண்டனை பெற்ற கடலில், ஆங்கிலேயரின் கப்பல்கள் இரண்டே ஆண்டில் வரிசையாக மூழ்கின என்றால், கேட்டோர் உள்ளத்தில் என்ன தோன்றியிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? வாய்விட்டுச் சொல்ல இயலாத மகிழ்ச்சி ஒரு சொல்லில் ஒளிந்துகொண்டது.

ஆயினும் தமிழர் அனைவரும் ஜெர்மனியின் பக்கம் நின்றனர் என்று முடிவுகட்டுவது தவறு. அக்காலத்தே புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், ஜெர்மனியின் படையெடுப்புக்கு ஆளான பெல்ஜிய நாட்டை வாழ்த்திப் பாடினார் என்பதை மறத்தல் கூடாது. நாம் இன்று வாழும் இப்பகுதியிலும் நிலைமை இருவகையே. 1914இல் அத்திபெலே மைசூர் மன்னராட்சியில் இருந்தது. எல்லைக்கு அப்பால் ஓசூர் சென்னை மாகாணத்துச் சேலம் மாவட்டத்தில் இருந்தது. மைசூர் அரசின் குதிரைப்படை ஆங்கிலேயர் பக்கம் போரிடக் கடல் கடந்து எகிப்து சென்றது. 1918 செப்டம்பர் 23இல் ஹைஃபா நகரைக் கைப்பற்றிய படைகளுள் அதுவும் ஒன்று.

செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் இருந்தார், சென்னையின் இன்னின்ன இடங்களைச் சுடாதவாறு தடுத்தார் என்றொரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. மேடைகளில் நாமும் பலமுறை கேட்டதுதான். 1914 செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்கெனக் குழு அமைத்துப் பணியாற்றினார். பின்னர் பெர்லின் சென்றார். ஆசியக் கடலிலேயே இருந்து வந்த கப்பலில் அவர் ஏறியிருக்க வழியே இல்லை. ஐரோப்பாவில் அவர் செய்த உண்மைத் தொண்டே பெரிது; கட்டுக்கதையின் துணை அதற்கு வேண்டியதில்லை. கேட்க இனிக்கிறது என்பதற்காக நம் பிள்ளைகளுக்கு அதை வரலாறாகச் சொல்லுதல் முறையன்று.

இலங்கையிலும் இத்தகைய வதந்தி ஒருவர் வாழ்வைக் குலைத்தது. யால வனவிலங்குக் காப்பகத்தின் முதற் காவலரான எங்கல்பிரெக்ட் என்னும் போயர் இனத்தவர், எம்டனுக்கு இறைச்சி வழங்கினார் என்ற குற்றச்சாட்டில் சிறையிடப்பட்டார். பிற்காலத்தில் அது பொய் எனத் தெளிவாயிற்று.

கொக்கோஸ் தீவில்

அக்டோபரில் எம்டன் தெற்கே தீகோ கார்சியாத் தீவுக்குச் சென்றது. அங்கிருந்தோர் உலகப்போர் மூண்ட செய்தியையே அறியாதிருந்தனர்! பகைக் கப்பலை வரவேற்றனர். எம்டனின் மாலுமியர் அவர்தம் பழுதுபட்ட மோட்டார்ப் படகைச் செப்பனிட்டுக் கொடுத்தனர். அதன்பின் 28ஆம் நாள் விடியலில், பொய்யான நான்காம் புகைபோக்கியொன்றை நிறுத்தி ஆங்கிலக் கப்பல்போல் வேடமிட்டுப் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து, ஷெம்சுக் என்னும் ருஷ்யக் குரூசரை டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. அதில் இறந்தோர் எண்பதுக்கும் மேற்பட்டவர். வெளியேறும்போது மூஸ்கே என்னும் பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கியது. நம்மவர் பலர் வாழ்ந்த பினாங்கு நகரமும் இவ்வாறு எம்டனின் கதைக்குள் வந்தது.

நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவுக் கூட்டத்தில் உள்ள தந்தி நிலையத்தை அழிக்க, ஃபான் மூக்கே என்னும் அலுவலரின் தலைமையில் ஐம்பது பேரளவில் கரையிறங்கினர். கம்பத்தை டென்னிஸ் ஆடுகளத்தின்மேல் விழாதபடி வீழ்த்துமாறு நிலையத்தார் வேண்டினர் என்றும், அவ்வாறே செய்யப்பட்டது என்றும் கூறுவர். ஆனால் அந்நியக் கப்பல் வந்துள்ளது என்னும் செய்தியைக் கம்பம் விழுமுன்பே நிலையத்தார் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலியப் படைவீரரை ஏற்றிச்சென்ற கப்பல் வரிசை அன்று அப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் காவற்கப்பல்களுள் ஒன்றான சிட்னி விரைந்து வந்தது.

சிட்னியும் இலகுரகக் குரூசர்தான். ஆனால் 1912இல் நீரில் இறங்கியது, சுழலியால் ஓடுவது, மணிக்கு 25 கடல் மைலுக்கு மேல் செல்வது, 6 அங்குலப் பீரங்கிகள் எட்டு உடையது. எம்டனின் குண்டு 17 கிலோவை ஒட்டியது. சிட்னியின் குண்டு 45 கிலோ. கட்டப்பட்ட காலத்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி நான்கே ஆண்டு! முதலில் எம்டனின் குண்டுகளே துல்லியமாகப் பாய்ந்து சிட்னியின் தொலைவளக்கும் கருவியைச் சிதைத்தன. பயிற்சியால் வந்த சிறப்பு அது. சிட்னியின் தலைவர் கிளாசப் விலகிச் சென்று, எம்டனின் குண்டுகள் தீங்கிழைக்க இயலாத தொலைவில் நின்று சுட்டார். விரைவு மிகுந்தவனே போரின் தொலைவைத் தீர்மானிக்கிறான். எம்டனால் நெருங்கவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. புகைபோக்கிகள் சாய்ந்தன, முன்பாய்மரம் வீழ்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முல்லர் தம் கப்பலை வடகீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்றினார். எம்டனில் இறந்தோர் 130க்கும் மேல், சிட்னியில் நால்வர். கரையிலிருந்த மூக்கேயின் குழுவினர் அயீஷா என்னும் பழைய பாய்க்கப்பலில் தப்பி, சுமத்ரா வழியாக அரேபியா சென்று, தரைவழியே துருக்கித் தலைநகரை அடைந்தது தனிக் காவியம்.

எம்டனின் தலைமுறையைச் சேர்ந்த ஏனைய சிறு குரூசர்களின் முடிவும் இதுவே. லைப்சிக், நூர்ன்பெர்க் இரண்டும் 1914 டிசம்பர் 8இல் ஃபாக்லாந்துத் தீவருகே மூழ்கின. அன்று தப்பியது டிரெஸ்டன் ஒன்றே. தப்ப வைத்தது அந்தச் சுழலி எஞ்சின். அதுவும் 1915 மார்ச்சு 14இல், கரி தீர்ந்த நிலையில், சிலி நாட்டுத் தீவொன்றில் தன் மாலுமியராலேயே மூழ்கடிக்கப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ரூஃபிஜி ஆற்றுக்குள் ஒளிந்த கோனிக்ஸ்பெர்க் 1915 சூலையில் அழிந்தது. அதன் பீரங்கிகளைக் கழற்றிச் சக்கரத்தில் ஏற்றித் தரைப்போருக்குக் கொண்டு சென்றனர். அப்போரில் எதிர்நின்றோருள் இந்தியப் படைவீரர் பலர். போர் தொடங்கி ஓராண்டுக்குள், தொலைகடலில் ஜெர்மானியக் குரூசர் ஒன்றும் இல்லை. அந்நாட்டார் பின்னர்க் கட்டியவற்றில் 15 சென்டிமீட்டர்ப் பீரங்கிகளே இருந்தன. 1916இல் கட்டிய புதிய எம்டனிலும் அவையே. அதன் முகப்பில் முன்னோனின் நினைவாக இரும்புச் சிலுவைச் சின்னத்தைப் பொறித்தனர்.

இரண்டாம் உலகப்போரில் சென்னை மீண்டும் அஞ்சியது. 1942 ஏப்ரலில் மக்கள் மறுபடி வெளியேறினர். அப்போது கண்கள் வானத்தை நோக்கின. கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியவை வானூர்திகள். கடலுக்குத் தொலைவான பெங்களூரில் 1940இல் வானூர்தித் தொழிற்சாலை தோன்றியதும், அதை நாடித் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வந்ததும் நாம் அறிந்தவை. அவர்தம் பேச்சோடு எம்டன் என்னும் சொல்லும் இம்மேட்டுநிலத்துக்கு ஏறிவந்தது.

மலையாளத்தில் அச்சொல் மிகப்பெரியது என்னும் பொருளில் எமண்டன் ஆயிற்று. சிங்களத்தில் சூழ்ச்சிக்காரனைக் குறித்தது. 2006இல் ‘எம்டன் மகன்’ எனப் பெயரிட்ட திரைப்படம், தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்ற விதியால் ‘எம் மகன்’ எனப் பெயர் மாறி வெளிவந்தது. தொண்ணூறு ஆண்டு தமிழனாய் வாழ்ந்தவனுக்குத் தமிழன் அல்லன் என்ற தீர்ப்பு! ஜெர்மனியிலோ, உயிர்பிழைத்த மாலுமியர் தம் குடும்பப் பெயருடன் எம்டன் என்பதைச் சேர்த்துக்கொள்ள அரசு உரிமை வழங்கியது. அங்கே அது பரம்பரைப் பெயர். இங்கே பண்புப் பெயர்.

உடைந்த கப்பலை 1950களில் ஜப்பானியக் கம்பெனியொன்று பழைய இரும்பாக வெட்டியெடுத்தது. அதன் பீரங்கி ஒன்று சிட்னி நகரப் பூங்காவில் நிற்கிறது. சென்னையில், உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில், எம்டனின் குண்டு பாய்ந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டுப் பலகை உள்ளது. ஊருக்குச் செல்லும் நம் குடும்பத்தினர் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். பாரிமுனையில் இறங்கினால் நடந்துசெல்லும் தூரந்தான்.